இரண்டு மெகாஹெர்ட்ஸில் செத்த பெட்டிகள்

சின்னக் கருவிகளுக்கு நிரல் எழுதும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஊக்கமூட்டும் விதமாக நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னிடம் ஊக்கம் இல்லை. உங்களுக்கு அது குறைவாக இருப்பதாகவும் தெரியவில்லை. போன மாதம் உங்கள் கூட்டமொன்றுக்கு வந்து கடைசி வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எழுந்து, தன் கருவி தூங்கும்போது இத்தனை மைக்ரோ அம்பியர்தான் எடுக்கிறது என்றார். அடுத்தவர், தன்னுடையது அதிலும் பாதி என்றார். கல்யாண வீட்டில் நகையைக் காட்டுகிற மாதிரி இருந்தது. அந்தக் கருவி ஒரு நாளில் எத்தனை தடவை விழிக்கிறது, விழித்தால் எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினீர்கள்.

அப்படியொரு கைதட்டலை நானும் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதுகிறேன். படிக்கப் பிடிக்காவிட்டால், சிப்போடு வரும் டேட்டா ஷீட்டின் முதல் பக்கத்துக்கே திரும்பிப் போய்விடலாம். அதைத்தான் நீங்கள் வழக்கமாகப் படிக்கிறீர்கள்.

கண்டியில், கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில், ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில் எங்கள் கம்பனி இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர். வயர்லெஸ் மைக்ரோகன்ட்ரோலர்களுக்குள், அதாவது ரேடியோவோடு வரும் சின்னச் சிப்புகளுக்குள், ஓடும் நிரலை எழுதுவது என் பொறுப்பு. அப்போதே இந்த வேலையில் இருபது வருடம் முடித்திருந்தேன். நாவலப்பிட்டியிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண் இந்த வேலையில் இருபது வருடம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பிவிட்டேன். ஒருவருக்குத் தலைக்கனம் ஏறுவதற்கு அது போதும்.

ஹுன்னஸ்கிரிய பக்கத்து மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு செங்குத்தான சரிவுக்குக் கீழே, தொழிலாளர்கள் குடியிருக்கும் நீளமான ஒரு லயம். பதினான்கு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். அந்தச் சரிவில் மண் நகர்கிறதா என்று பார்க்க ஒன்பது வெள்ளைப் பெட்டிகளை நட வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் மண்ணின் ஈரத்தையும், மண்ணுக்குள் இறக்கிய குழாயின் சாய்வையும் அளந்து, தேயிலை ஆலையின் கூரையில் இருக்கும் ஏரியலுக்கு ரேடியோவில் அனுப்பும். அங்கிருந்து அது எங்கள் கணினிக்கும் தோட்ட ஒஃபீஸ் கணினிக்கும் வரும். மழை இல்லாத நாளில் பெட்டி மணிக்கு ஒருமுறை விழிக்கும். மழை கொட்டினால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விழிக்கும்.

பற்றரியை இரண்டு வருடத்துக்கு மாற்றத் தேவையில்லை என்று எங்கள் டைரக்டர் வண்ணப் பிரசுரம் அடித்துவிட்டார். அதன் பிறகுதான், இரண்டு வருடம் வருமா என்று என்னிடம் கேட்டார். இந்த வரிசையில் ஏதோ பிசகு இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் நீங்கள் இன்னும் கெட்டுப்போகவில்லை.

வராது என்று தெரிந்தது. ஆறு மாதம் வந்தால் அதிகம். என்ன செய்யலாம் என்று ஒரு வாரம் யோசித்து, கடைசியில் பாடப்புத்தகத்தில் இருக்கிற காரியத்தையே செய்தேன். சிப்பின் க்ளொக்கை, அதாவது அது ஓடும் வேகத்தை, குறைத்தேன். நாற்பத்தெட்டு மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்ததை இரண்டு மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். மேசையில் மல்டிமீட்டரை மாட்டி எல்லோரையும் கூப்பிட்டேன். விழித்திருக்கும்போது எடுக்கிற மின்னோட்டம் மடமடவென்று இறங்கி, முன்பிருந்ததில் சிறு பங்காகி நின்றது. டைரக்டர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பின்னேரம் கேக் வந்தது.

கேக்கைத் தொடாமல் நின்றவன் சிவகரன். யாழ்ப்பாணத்துப் பையன், எங்களிடம் வன்பொருள் பொறியியலாளனாக இருந்தான். அதிகம் பேசமாட்டான்.

"அக்கா, மின்னோட்டம் குறைஞ்சது சரி. ஆனா எவ்வளவு நேரம் முழிச்சிருக்குது எண்டு பாத்தனீங்களே?"

"கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். அதுக்கென்ன?"

"கணக்கெல்லாம் முடியுமட்டும் சாய்வு சென்சரும் ரேடியோவின்ர கிறிஸ்டலும் சும்மா எரிஞ்சுகொண்டு நிக்குமே. ஒரு முழு நாள் ஓடவிட்டு, மொத்தமா எவ்வளவு போகுது எண்டு அளந்து பாப்பம்."

அவன் சொன்னது முழுக்கச் சரி. வீட்டில் இருக்கிற அத்தனை விளக்கையும் போட்டுவிட்டு, அடுப்பை மட்டும் சின்னத் தீயில் வைத்து, சமையல் முடியும்வரை விளக்கை அணைக்கக் கூடாது என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? கொஞ்சம் எரிவாயு மிச்சமாகும். மின்சாரம் பல மடங்கு போகும். நான் செய்து வைத்திருந்தது அதுதான். வேகமாக ஓடி, வேலையை முடித்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்க வேண்டிய ஒன்றை நொண்டியடித்து நடக்கவிட்டு, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தேன். பற்றரிக்கு மின்னோட்டத்தின் அளவு மட்டும் கணக்கில்லை. எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்துத்தான் அது தீர்ந்துபோகிறது. பள்ளிக்கூடத்துப் பெருக்கல் கணக்கு. இருபது வருட அனுபவம் அதை மறக்க வைக்கும் என்பதற்கு நானே சாட்சி.

சிவகரனிடம் நான் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "தம்பி, நீங்க கேக்கைச் சாப்பிடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்னொன்றும் செய்தோம். மண் நகராவிட்டால் பச்சை, நகர்ந்தால் சிவப்பு, பெட்டியிலிருந்து செய்தியே வராவிட்டால் சாம்பல் என்று கணினித் திரையில் நிறம் காட்டும்படி முதலில் எழுதியிருந்தேன். டைரக்டர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "இங்க பாருங்க மிஸ், சாம்பல் கலர்ல ஒரு பெட்டி இருக்கு எண்டா தோட்டத்துக்காரங்க பயந்துருவாங்க. கடைசியா வந்த கலரையே காட்டுங்க." நான் வாதாடவில்லை. அரை மணி நேர வேலை, மாற்றிக் கொடுத்தேன். அன்று முதல் எங்கள் திரையில் செத்த பெட்டியும் பச்சையாகவே எரிந்தது.

பெட்டிகளை நடப் போன நாள் நல்ல வெயில். அந்த லயத்தில் மாதர் சங்கத் தலைவியாக இருந்தவர் செல்லமணி. கொழுந்து பறிக்கும் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் வருவதற்கு முன்பு அந்த லயத்துக்கு எச்சரிக்கைக் கருவியே அவர்தான். ஒரு பிளாஸ்டிக் போத்தலை வெட்டி வேலிக் கம்பத்தில் கட்டி, ஆணியால் கோடு கீறியிருந்தார். மழைத்தண்ணீர் மூன்றாவது கோட்டைத் தாண்டினால் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் வெளியேற்றுவார். டைரக்டர் அந்தப் போத்தலைப் பார்த்துப் புன்னகைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நானும் அதே மாதிரித்தான் புன்னகைத்தேன் என்று பிறகு ஒரு புகைப்படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"அப்ப நான் இனி பாக்க வேணாமா மிஸ்?" என்று கேட்டார்.

"வேணாம். இனி ஒஃபீஸ்ல இருந்தே தெரிஞ்சிரும். நீங்க நிம்மதியா இருங்க."

அவர் அன்றே போத்தலை அவிழ்த்துவிட்டார்.

வருடக் கடைசி மழை தொடங்கிய மூன்றாவது நாள், காலை பத்து மணியளவில் எனக்குச் செல்லமணியிடமிருந்து போன் கோல் வந்தது. நான் கண்டியில் எங்கள் ஒஃபீஸில் இருந்தேன். கூரையில் மழை விழும் சத்தத்தில் அவர் பேசுவது சரியாகக் கேட்கவில்லை.

"மிஸ், பீலித் தண்ணி செம்மண்ணா வருது. காலையில இருந்து அஞ்சாம் காம்பரா கதவு சாத்த மாட்டேங்குது. ஒஃபீஸ்ல கேட்டா, எல்லாம் பச்சையா எரியுது, பயப்படாதீங்கங்கிறாரு கிளாக்கர். நாங்க என்ன செய்றது?"

கிளாக்கர் என்றால் தோட்ட ஒஃபீஸ் எழுத்தர்; பீலி என்பது மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய். அந்த லயமே அதில்தான் குடிக்கிறது. வருடம் முழுக்கத் தெளிவாக வரும் தண்ணீர் அன்று கலங்கிவிட்டது. கதவைச் சாத்த முடியவில்லை என்றால் கதவு நிலை கோணிவிட்டது. நிலை கோணினால் அதற்குக் கீழே இருக்கிற தரை நகர்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரு பொறியியலாளர் தேவையில்லை. ஆனால் நான் பொறியியலாளர் ஆயிற்றே, திரையைப் பார்த்தேன். ஒன்பது பெட்டியும் பச்சை.

"கொஞ்சம் பொறுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று வைத்தேன்.

திரைக்குப் பின்னால் இருக்கும் பதிவுகளைத் திறந்தேன். ஆறு பெட்டிகளிலிருந்து முந்தைய நாள் காலைக்குப் பிறகு ஒரு செய்திகூட வரவில்லை. மீதி மூன்றும் சரிவின் ஓரத்தில் இருப்பவை. நடுச்சரிவு முழுக்கக் குருடாகிக் கிடந்தது. மழை வந்ததும் பெட்டிகள் அடிக்கடி விழித்திருக்கின்றன. ஒவ்வொரு விழிப்பிலும் நான் கொடுத்த நொண்டி நடையில் நடந்து, மழையின் இரண்டாம் நாளே பற்றரியைத் தீர்த்திருக்கின்றன. வெயில் காலத்தில் உயிரோடிருந்து, தேவைப்பட்ட அன்று செத்துப்போகும் கருவி. முயன்றாலும் இதைவிடக் கச்சிதமாக ஒன்றைக் கெடுத்திருக்க முடியாது.

இனி வருவது நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லாத பகுதி. அது தெரிந்த பிறகும் இருபது நிமிடம் நான் கணினியோடு மல்லுக்கட்டினேன். சேர்வரை மறுபடி தொடக்கினேன். ஏரியலுக்குக் கட்டளை அனுப்பினேன். பற்றரி தீர்ந்த பெட்டி எப்படிப் பதில் சொல்லும்? எனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். கைக்கு ஒரு வேலை கிடைத்தால் மனம் முடிவெடுப்பதிலிருந்து தப்பிவிடுகிறது. உங்களில் பலர் ஏதாவது பழுதென்றவுடன் கீபோர்டில் பாய்வதைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் சுறுசுறுப்பு மாதிரித் தெரியும் கோழைத்தனம்.

டைரக்டரிடம் போய்ச் சொன்னேன். "மிஸ், உறுதியில்லாம சொல்ல ஏலாது. இவ்வளவு பேரையும் மழையில எழுப்பி வெளியே விட்டு ஒண்ணும் நடக்காட்டி, இனி யாரும் எங்கட பெட்டியை வாங்க மாட்டாங்க. யாரையாவது அனுப்பிப் பாத்துட்டுச் சொல்லுவோம்." கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்கு அந்த மழையில் இரண்டு மணி நேரம். வீதி திறந்திருந்தால்.

சிவகரன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, திரையை விடுங்கோ" என்றான். "கதவு சாத்துப்படேல்லை எண்டு அந்த மனுசி சொல்லுறா. அதைவிட உங்களுக்கு வேற என்ன ரீடிங் வேணும்?"

டைரக்டரின் அறையில் நின்றபடியே செல்லமணிக்குக் கோல் எடுத்தேன்.

"உடனே எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே போங்க. லயத்துக்கு நேர் கீழே போகாதீங்க. பக்கவாட்டில ஏறி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்கூலுக்குப் போங்க."

"மெஷினு சொல்லுதா, நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன். மெஷினு செத்துப்போச்சு."

"நான் சொன்னா யாரும் வர மாட்டேங்கிறாங்க மிஸ். பச்சை எரியுதுன்னு கிளாக்கர் சொன்னதைத்தான் பிடிச்சிக்கிட்டு இருக்காங்க. மழையில புள்ளைங்களத் தூக்கிட்டு எங்க போறதுன்னு சண்டைக்கு வாராங்க. போனை ஸ்பீக்கர்ல போடுறேன். நீங்களே சொல்லுங்க."

டைரக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பல குரல்கள் கேட்டன. ஒரு குழந்தை அழுதது. ஒரு ஆண் குரல், "யாரு அது?" என்றது.

நான் என் பெயரைச் சொன்னேன். அந்தப் பெட்டிகளைச் செய்தவள் நான்தான் என்றேன். "ஒஃபீஸ்ல எரியிற பச்சை பொய். மேல இருக்கிற பெட்டிங்க நேத்தே செத்துப்போச்சு. பிழை என்னோடது. நான் செஞ்ச மெஷினை நம்பாதீங்க. உங்க பீலித் தண்ணியைப் பாருங்க, அந்தக் கதவைப் பாருங்க. இப்பவே போங்க" என்றேன்.

தொழிலில் நான் சொன்ன வசனங்களிலேயே கூச்சம் தந்தது அதுதான். வேலை செய்ததும் அது ஒன்றுதான். "அவங்களே சொல்றாங்கப்பா, எந்திரிங்க" என்று அதே ஆண் குரல் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்துபோனது.

பின்னேரம் மூன்று மணி வரை எந்தச் செய்தியும் இல்லை. ஒன்றும் நடக்காமல் போய், மழையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று மணிக்குச் செல்லமணி கோல் எடுத்தார். மலை வந்துவிட்டது என்றார். கடைசி ஐந்து காம்பராக்களை மண் மூடிவிட்டது. பீலி இருந்த இடமே தெரியவில்லை. ஆட்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில். இரண்டு தரம் எண்ணிப் பார்த்தாராம். அவருடைய காம்பராவும் அந்த ஐந்தில் ஒன்று. கட்டியிருந்த பசு ஒன்றை அவிழ்க்க மறந்துவிட்டார்கள் என்று சொல்லும்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. நான் கதிரையில் உட்கார்ந்து அழுதேன். சிவகரன் தண்ணீர் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் வீதி திறந்ததும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்தது எங்கள் டைரக்டரின் வேன். அரிசி, பாய், குழந்தைகளுக்குப் பால்மா எல்லாம் சொந்தச் செலவில் ஏற்றி அனுப்பினார். அந்த மனிதரிடம் அப்படி ஒரு குணம் இருந்தது. அதே வேனில் ஒரு புகைப்படக்காரரையும் ஏற்றி அனுப்பினார். அந்தக் குணமும் இருந்தது.

சரிவின் மேல்பக்கத்தில் தப்பிக்கிடந்த இரண்டு பெட்டிகளைச் சிவகரன் தோண்டிக் கொண்டுவந்தான். புதுப் பற்றரி போட்டு, மழை நாளில் விழிப்பது போலவே விழிக்க வைத்து, முழு நாளும் அளந்தான். பிறகு க்ளொக்கைப் பழையபடி நாற்பத்தெட்டுக்கு ஏற்றி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துத் தூங்கும்படி செய்து, மறுபடி முழு நாளும் அளந்தான். இரண்டு தாள்களையும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வேகமாக ஓடியது மிகக் குறைவாகத்தான் எடுத்திருந்தது. நான் கை வைக்காமல் விட்டிருந்தாலே அந்தப் பெட்டிகள் மழைக்காலத்தைத் தாண்டியிருக்கும். "நான் சொன்னனான் எல்லே" என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து டைரக்டர் ஒரு பக்க அறிக்கையைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். எங்கள் கருவி உரிய நேரத்தில் எச்சரித்து ஒரு லயத்தையே காப்பாற்றியது என்று அதில் இருந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் அதற்கொரு பாராட்டு விழா ஏற்பாடாகிக்கொண்டிருந்தது.

"எங்கட கம்பனியில இருந்து போன கோலில்தானே ஆட்கள் போனாங்க? அப்ப எங்கட சிஸ்டம் வேலை செஞ்சதுதானே?" என்றார். அவர் பொய் சொல்வதாக நினைக்கவில்லை. இரண்டு வாரத்தில் அவரே அதை நம்பியிருந்தார். இந்தத் தொழிலில் திருடர்களைவிட இப்படித் தாங்களே நம்பிக்கொள்கிறவர்கள்தான் ஆபத்தானவர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதினேன். க்ளொக்கைக் குறைத்தது நான், சாம்பலைப் பச்சையாக்கியது நான், எச்சரித்த ஒரு சக பொறியியலாளனைக் கேலி செய்து வாயடைத்ததும் நான் என்று எழுதி, அதன் பிரதியைத் தோட்ட நிர்வாகத்துக்கும் அனுப்பினேன். விழா நடந்தது. டைரக்டர் மேடையேறினார். என்னை அழைக்கவில்லை. பெட்டிகளைத் திருத்தித் தரும்படி தோட்டத்திலிருந்து பதில் வந்ததும், அவற்றைச் சரிசெய்து மறுபடி நடும் பொறுப்பை மட்டும் என்னிடம் தந்தார்கள். வேறு யாரும் அதைச் செய்ய முன்வரவில்லை.

மழை விட்டபிறகு போனோம். தப்பிய காம்பராக்களிலும், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகைகளிலும் அந்தக் குடும்பங்கள் இருந்தன. நான் சொல்ல வந்த மன்னிப்பை முழுதாகச் சொல்லி முடிக்கச் செல்லமணி விடவில்லை.

"அதை விடுங்க மிஸ். இந்தத் தடவ நான் ஒண்ணு கேப்பேன், நீங்க செஞ்சு தரணும். இது செத்தா சும்மா சாகக் கூடாது. கத்திட்டுச் சாகணும்."

பெரிய கம்பனிகள் எழுதித் தந்த தேவை அறிக்கைகளை நான் நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக ஒன்றைப் படித்ததில்லை. லயத்துக்கு நடுவில் ஒரு சைரன் வைத்தோம். மண் நகர்ந்தால் அது ஊதும். பெட்டியிலிருந்து குறித்த நேரத்துக்குச் செய்தி வராவிட்டாலும், பற்றரி செத்தாலும் சரி, என் நிரலில் பிழை என்றாலும் சரி, அது ஊதும். டைரக்டர் எதிர்த்தார். பொய் எச்சரிக்கை வந்தால் அவமானம் என்றார். அந்த வகை அவமானத்துக்கு நான் பழகிவிட்டேன் என்று சொன்னேன்.

நட்டு மூன்று வாரத்தில் ஊதியது. நல்ல வெயில் நாள், காலை பதினொரு மணி. பதறியடித்துக்கொண்டு செல்லமணிக்குக் கோல் எடுத்தேன். மேல் பெட்டியொன்றின் ஏரியலைக் காட்டுப்பன்றி பிடுங்கிப் போட்டிருந்தது. கொழுந்து பறித்தவர்கள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, பிள்ளைகளையும் கிழவர்களையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

"மன்னிச்சிக்குங்க. ஒண்ணுமில்லாததுக்கு உங்களை ஓட வச்சிட்டேன். அரை நாள் வேலை போச்சு" என்றேன்.

அவருக்குப் பின்னால் பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. யாரோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்ல மிஸ்," என்றார் செல்லமணி. "எவ்வளவு நேரத்துல எல்லாரும் வந்து சேர்றோம்னு தெரியாம இருந்துச்சு. இப்ப தெரிஞ்சிருச்சு. இனி கொஞ்சம் வெரசா வரணும்."